டோக்கன் எண் 41

காருக்கு ஒதுக்கிய கட்டம்,
பதினாறு அடிக்கு எட்டு.
கோடு போட்டது நகராட்சி. டோக்கன் கிழிப்பது நான்.
மணிக்கு இருபது ரூபாய்.

சனிக்கிழமை சாயங்காலம், கிருஷ்ணகிரி காந்தி ரோட்டில்
நடக்க இடமில்லாமல் எல்லாம் நிற்கிற நேரம்,
இரண்டு பெண்கள் வந்து நாற்பது ரூபாய் நீட்டினார்கள்.
"ரெண்டு மணி நேரம்."
வண்டி எங்க என்றேன்.
"நாங்கதான்."
நம்பர்?
டிஎன் இருபத்துநாலு என்று ஆரம்பித்துப்
பிறந்த தேதியைச் சொன்னாள் ஒருத்தி.
கார், வேன், லாரி. ஏதாவது ஒன்றை டிக் அடித்தாக வேண்டும்.
யோசித்து வேன் என்று அடித்தேன்.
ரெண்டு பேர் இருக்கிறார்களே.

உள்ளே போய்ச் சுண்ணக்கட்டியால் பாண்டி வரைந்தார்கள்.
சில்லு, கிரானைட் பட்டறையில் தெறித்த கருப்புத் துண்டு,
ஒரு பக்கம் மட்டும் பாலீஷ்.
நாகவேணிக்கு மாங்கூழ் ஆலை, நகக்கண்ணெல்லாம் மஞ்சள்.
தபஸ்ஸும் செல்போன் கடையில்
பத்து மணி நேரம் இரண்டு காலில் நிற்பவள்;
இங்கே ஒற்றைக் காலில் நின்று சிரித்தாள்.

வெள்ளை இன்னோவா ஹாரனிலிருந்து கையை எடுக்கவே இல்லை.
டோக்கனைக் காட்டினேன்.
ஏட்டு வந்தார்.
என்ன கோரிக்கை, எந்தச் சங்கம், பேனர் எங்கே?
"ஆறாங்கட்டம் சார், கொஞ்சம் தள்ளுங்க."
தள்ளினார்.

அப்புறம் நாகவேணி சில்லை நெற்றியில் வைத்து அண்ணாந்து
கண்ணை மூடி
"ரைட்டா?" என்று ஓர் அடி வைத்தாள்.
ரைட்டு, என்றாள் எதிர்க்கடைப் பூக்காரி.
"ரைட்டா?"
ரைட்டு, என்றான் இன்னோவா டிரைவர், தலையை வெளியே நீட்டி.
"ரைட்டா?"
ரைட்டு! மொத்த ரோடும் சொன்னதில்
காவேரிப்பட்டணம் டவுன் பஸ் கிளம்பிவிட்டது,
கண்டக்டர் எங்களோடு நிற்க.

போகும்போது ஐந்து நிமிடம் கூடியிருந்தது.
அபராதம் கேட்கவில்லை.
மூன்றாங்கட்டத்தில் பழம் என்று எழுதி
நாகவேணி பெயர்.
பழம் போட்ட கட்டத்தில் அடுத்தவர் கால் படக்கூடாது,
தாண்டித்தான் போக வேண்டும்.
இது எனக்கும் தெரியும், அக்காக்களோடு ஆடியவன்.

ராத்திரி கணக்குப் பார்த்த ரங்கப்பா
நாற்பத்தொன்னு என்ன வேன்டா என்றார்.
ஸ்கூல் வேன் என்றேன்.

மழை இல்லை. நான்கு நாள் இருந்தது அந்த எழுத்து.
வண்டிகள் அதன்மேல் ஏறின, நின்றன, இறங்கின.
டோக்கன் கிழித்துக் கொடுத்து
மீதிச் சில்லறையும் கொடுத்து
ஒவ்வொருவரையும் வாய்க்குள்
அவுட் என்றேன்.