சலவைச் சீட்டு

ஒன்பது வருடமாக அந்தக் கோயில்களைத்
துவைத்துக்கொண்டிருக்கிறேன்.

பாந்தே ஸ்ரேய் போய் வந்த காலுறையில்
விரலிடுக்கு வரை செம்மண்.
இரண்டு அலசலில் விட்டுவிடும்.
பாக்கெங் குன்றேறி அந்தி பார்த்தவர்களின்
சட்டை முதுகில் உப்பு பூத்திருக்கும்.
தா ப்ரோம் என்றால்
வேரில் சாய்ந்து படம் எடுத்த
சாம்பல் கோடு, இடது தோளில்.

பெங் மீலியா மட்டும் பச்சை.
முழங்கையில், பின்புறத்தில்,
வழுக்கி உட்கார்ந்த இடத்திலெல்லாம் பச்சை.
எலுமிச்சை தேய்த்தேன், சாம்பல் தேய்த்தேன்,
வியட்நாமிலிருந்து வரும் நீலத்தூளையும்
கை எரிய எரியப் போட்டேன்.
வெளுத்தது; போகவில்லை.
"பழைய கறை" என்று சீட்டில் எழுதி அனுப்பினேன்.
பொய்யா அது?
எண்ணூறு வருடமாவது இருக்கும்.

எங்கள் ஊர்க்காரர்களுக்கு நுழைவுக் கட்டணம் கிடையாது.
அதனால்தானோ என்னவோ
நாளைக்குப் போகலாம் நாளைக்குப் போகலாம் என்றே
முப்பத்துநான்கு வயதாகிவிட்டது.
அங்கோர் வாட் ஒரே ஒருமுறை, பள்ளிக்கூடத்தோடு.
வெயில், வரிசை, பேருந்தில் யாரோ வாந்தி.
அதன்பிறகு அந்தக் கோபுரங்களைக்
கொடியில் பார்க்கிறேன், பணத்தில் பார்க்கிறேன்,
ரின் குடித்துவிட்டு நசுக்குகிற
பீர் டின்னில் பார்க்கிறேன்.

"செவ்வாய்க்கிழமை லீவு" என்றேன் ரின்னிடம்.
பேனா இருந்தது, காகிதம் இல்லை.
சலவைச் சீட்டை எடுத்துக்கொண்டோம்.
சட்டை என்ற கட்டத்தில் பெட்ரோல், இரண்டு பாட்டில்.
கால்சட்டையில் சோற்றுப் பொட்டலம், மூன்று.
துண்டு என்பதில் மழைக்கோட்டு.
உள்ளாடைக்கு என்ன எழுத என்று
இருவரும் கொஞ்ச நேரம் சிரித்தோம்.
பிறகு பஞ்சர் செலவை அதில் போட்டான்.

"நிற்கிற கோயில் பக்கத்திலேயே இருக்கிறது,
இடிந்ததைப் பார்க்க அவ்வளவு தூரமா?"
நியாயமான கேள்விதான்.
"அந்தப் பச்சை" என்றேன்.
ஐஸ் கட்டி ஏற்றி இறக்கி மரத்த கையால்
தலையைச் சொறிந்துகொண்டான்.

அவனுடைய சித்தப்பா சாரொன்
அந்தக் காட்டில் கண்ணிவெடி எடுத்தவர்.
போனில் கூப்பிட்டுச் சொன்னார்:
"பாதையை விட்டு இறங்காதே, தாவ்ரி."
"எல்லாம் எடுத்தாயிற்று என்றீர்களே?"
"எடுத்தாயிற்று."
கொஞ்ச நேரம் ஒன்றும் பேசவில்லை.
"இருந்தாலும்."

திங்கள் சாயங்காலம் மேலாளர் வந்து நின்றார்.
நாளை ஒரு குழு வருகிறதாம்.
நாற்பத்திரண்டு பேர், எண்பத்துநான்கு விரிப்பு.
கோயில் பார்க்கத்தான் வருகிறார்கள்.
செவ்வாயை அடித்து வியாழன் என்று எழுதினேன்.
வியாழன் ரின்னுக்கு ஐஸ் நாள்.
மூன்று பொட்டலத்தை அடித்து இரண்டாக்கினேன்,
எனக்கும் மகளுக்கும்.

மோட்டார் சைக்கிள் நேராக ஓட்டுவேன்.
திருப்பத்தில்தான் நடுக்கம்.
"அந்தச் சாலை பெரும்பாலும் நேர்தான்" என்கிறான் ரின்.
பெரும்பாலும் என்பதை
எந்தக் கட்டத்தில் எழுதுவது?

பிரெ டாக் தாண்டும்போது
பனைவெல்லம் கொதிக்கும் வாசனை வருமாம்.
அங்கே நிறுத்தினால் மகள் கேட்பாள்,
அதற்கும் காசு ஒதுக்க வேண்டும்.
நிறுத்தாமல் போனாலும் கேட்பாள்.

இப்போது மணி பதினொன்று, புதன் இரவு.
"கறுப்பு போட்டுக்கொள்,
அழுக்கு தெரியாது" என்று சொல்லிவிட்டு
ரின் தூங்கிப்போனான்.
மூன்று மணிக்கு எழ வேண்டியவன்.

சத்தம் வராமல்
இஸ்திரிப் பெட்டியைச் சூடாக்குகிறேன்.
இருப்பது ஒரே ஒரு வெள்ளைச் சட்டை.
முழங்கைப் பக்கம் இன்னொரு முறை தேய்க்கிறேன்.