வலையாக நின்றவன்

ஐம்பத்தெட்டில் எங்கள் பயிற்சிக் கல்லூரிக்கு
ஒரு காற்பந்துக் குழு இருந்தது,
ஒரு பந்து இருந்தது,
பதினோரு சோடிக் காலணிகளில்
ஒன்பதுதான் உண்மையான சோடி.
கோல்வலையைச் சுங்கத்துறைக்காரர்கள்
மார்ச் மாதமே இரவல் வாங்கிப் போனார்கள்.
வாங்கினதோடு சரி.

நான் குழுவின் செயலாளர்.
அதாவது, எலுமிச்சை நறுக்குபவன்,
பந்துக்குக் காற்றடிப்பவன்,
நீல மையில் ஆட்டக் குறிப்பு எழுதுபவன்,
யாருக்காவது கால் சுளுக்கினால்
பன்னிரண்டாம் ஆளாக எழுந்து நிற்பவன்.
யாருக்கும் சுளுக்கவில்லை.

துறைமுகத்தாரிடம் நான்கு வாங்கினோம்.
மருத்துவமனைக்காரர்களிடம் மூன்று.
பட்டர்வொர்த்துக்குக் கடல் கடந்து போய் ஆறு.
அதில் ஒன்று எங்கள் குர்தியால் சிங்
எங்கள் கம்பத்துக்கே தலையால் முட்டியது.
காற்று தள்ளியது என்று எழுதச் சொன்னான்,
எழுதினேன்.

திரும்பும் பெர்ரியில் யாரும் பேசவில்லை.
கோலி தெயிக் ஹுவாட் மட்டும்
மூன்று பொட்டலம் மீ கோரெங்கை
ஒவ்வொன்றாகப் பிரித்துத் தின்றான்.
பிறையில் தோட்டத்துக் கடையில் வளர்ந்தவன்,
தமிழ் எங்களைவிடச் சுத்தம்:
"கோல் வாங்குறவனுக்குத்தான்டா பசிக்கும்."

கடைசி ஆட்டம் பினாங்குக் கடற்கரைத் திடலில்.
எதிரே போலீஸ் குழு.
கோப்பை ஏற்கெனவே அவர்கள் அலமாரியில்.
வடக்குக் கம்பத்துக்குப் பின்னால் பத்தடியில் மதில்,
மதிலுக்கு அப்பால் கடல்.
வலை இல்லாததால் அங்கே என்னை நிறுத்தினார்கள்,
வலையாக.

மழை பிடித்துக்கொண்டது.
இடைவேளைக்குப் பிறகு
இரண்டு குழுவுக்கும் ஒரே நிறம், சேற்று நிறம்.
எப்படியோ பூஜ்யத்துக்குப் பூஜ்யம்.
அறுபத்தெட்டாம் நிமிடம்
சவரிமுத்து இடப்பக்கமாக வந்ததைப் பார்த்தேன்.
அவ்வளவுதான் பார்த்தேன்.
மூக்குக்கண்ணாடியைக் கழற்றி
சட்டை நுனியில் துடைத்துக்கொண்டிருந்தேன்.
சட்டையும் நனைந்திருந்தது.

ஈர அரிசிமூட்டை விழுந்தாற்போல் ஒரு சத்தம்.
காதோரம் ஒரு காற்று.
முதுகுக்குப் பின்னால்
கடல் எதையோ வாங்கிக்கொண்டது.

நடுவர் ரொசாரியோ, தந்தி அலுவலக எழுத்தர்,
விசிலை வாயில் கவ்வியபடி ஓடி வந்தார்.
எல்லைக்கோட்டு ஆள் எப்போதோ
மரத்தடியில் ஒதுங்கிவிட்டிருந்தார்.
நீதான் பக்கத்தில் நின்றாய்,
உள்ளேயா வெளியேயா என்று மலாயில் கேட்டார்.
இருபத்திரண்டு பேரும்
என் வாயைப் பார்த்தார்கள்.

"டாலாம்" என்றேன்.
மலாய்த் தேர்வில் இருமுறை தோற்றவன்.
அன்று ஒரு பிழையும் இல்லை.

போலீஸ் கோலி ஜமாலுதீன்
கம்பத்தில் ஒரு கை ஊன்றி நின்றான்.
அவனுக்குத் தெரிந்திருக்க வேண்டும்.
வாயைத் திறந்தான்,
மழைத்தண்ணீரைத் துப்பினான்,
திரும்பிப் போய்விட்டான்.
திட்டியிருக்கலாம்.
இரக்கப்பட்டுவிட்டானோ என்று
இன்றைக்கும் சில இரவுகளில் தோன்றும்.

வேறு பந்து இல்லை. ஆட்டம் அதோடு முடிந்தது.
சவரிமுத்துவைத் தோளில் தூக்கிக்கொண்டு அவர்கள் கத்த,
நான் மதிலைப் பிடித்து எட்டிப் பார்த்தேன்.
பந்து கெடாப் பக்கமாகப் போய்க்கொண்டிருந்தது,
கொஞ்சம் கொஞ்சமாக,
விசாரணைக்கு வர விருப்பமில்லாத
ஒரே சாட்சி.

இரவு விடுதியில்
தலை துவட்டிக்கொண்டே சவரிமுத்து கேட்டான்:
"நெசமா உள்ள போச்சாடா?"
குறிப்பேட்டைப் பார் என்றேன்.
பார்த்தான். ரொம்ப நேரம் பார்த்தான்.
பிறகு சித்தியவானில் வாத்தியாராகி
வருடந்தோறும் பிள்ளைகளிடம் அந்தக் கோலைச் சொன்னானாம்,
ஒவ்வொரு வருடமும்
இன்னும் கொஞ்சம் தூரத்திலிருந்து அடித்ததாக.

குறிப்பேடு என்னிடம்தான் இருக்கிறது.
பக்கமெல்லாம் கோழிக் கிறுக்கல்,
மை ஒழுகல், எலுமிச்சைக் கறை.
அந்த ஒரு வரியில் மட்டும்
என் கையெழுத்து
அத்தனை அழகாக இருக்கிறது.