அரித்த மண்

மார்கழி வெள்ளம் வடிந்தபோது
அடுக்களை மூலையில் நாலு விரல் சேறு.
இருதயபுரம் முழுக்க வழித்து ஒழுங்கையில் கொட்டியது.
நான் ஒரு பெயின்ற் வாளி நிறைய எடுத்து வைத்தேன்.
"என்னத்துக்காம்?" என்றாள் துஸ்யந்தி.
அப்போது எனக்கும் தெரியாது.

மாசியில் கல்லடியில் ஒருவர் கனடா போனார்.
மூன்றடிக் கண்ணாடித் தொட்டி, மூலையில் ஒரு கீறல்,
மூவாயிரம் ரூபாய்.
சைக்கிள் கரியரில் கட்டிப் பாலத்தால் உருட்டி வந்தேன்.
காற்று அதைப் பாயாக்கி
என்னை வாவிக்குள் தள்ளப் பார்த்தது.

சேறு காய்ந்து பாளம் பாளமாய்க் கிடந்தது.
உடைத்து, மாவரிக்கும் அரிதட்டில் அரித்தேன்.
அதற்கு வாங்கிய பேச்சு வேறு.
தட்டில் மிஞ்சியவை:
வேர், ஓட்டுத் துண்டு, ஆரோ சட்டையின் பொத்தான்,
ஆறு என்று எழுதிய வீட்டு இலக்கத் தகடு.

எந்த வீதியின் ஆறு?
நான் தண்ணீர் மானி வாசிக்கிறவன்.
மாதம் முந்நூறு படலை திறக்கிறேன்,
அதில் ஆறாம் இலக்கம் பதினொன்று.
ஒருவரும் தொலைத்ததாய்ச் சொல்லவில்லை.

வயலுக்கு அடித்த மருந்து இந்த மண்ணில் இருக்கலாம்.
கக்கூசுக் குழியும் இருக்கலாம்.
ஜாம் போத்தலில் கொஞ்சம் கரைத்து
ஒரு நத்தையை விட்டேன்.
மூன்று நாள் அது மூடிக்கொண்டு கிடந்தது.
நாலாம் நாள் கொம்பு நீட்டி
கண்ணாடியில் நடந்தது.

மறுகாத்தான் தொட்டியில் பரப்பினேன், இரண்டு விரல் தடிப்பில்.
மேலே ஆற்று மணல்.
கடல் மணலில் சிப்பி இருக்கும், தண்ணீர் கடுத்துப்போகும்.
ஏழு தரம் கழுவினேன்,
எட்டாம் தரமும் கலங்கியது, விட்டுவிட்டேன்.

எங்கள் சபையின் தண்ணீர்
உன்னிச்சையிலிருந்து குளோரீன் மணக்க வருகிறது.
நான்தான் அதற்குக் கணக்கு எழுதுகிறேன்,
நான்தான் அதை மூன்று வாளியில் இரண்டு நாள்
திறந்து வைத்திருந்தேன், மணம் போகட்டும் என்று.
மணலில் ஒரு பீங்கான் கோப்பை வைத்து
அதன் மேல் வார்த்தேன்.
வழிந்த தண்ணீர் மண்ணை எழுப்பவில்லை.

பாதி நிரம்பியதும் நடுகை.
வவுணதீவு வாய்க்காலில் பிடுங்கிய கொட்டி,
வேலம்பாசி ஒரு கைப்பிடி.
புருவம் பிடுங்கும் குறட்டால் ஒவ்வொன்றாய் ஊன்றினேன்.
குறடு துஸ்யந்தியுடையது.

மறுநாள் தண்ணீர் பிளேன்ரீ.
ஒரு கிழமையில் இலைகள் கரைந்தன.
அடியிலிருந்து குமிழி வந்து
கூழ்முட்டையாய் மணத்தது.
ஈர்க்கால் மண்ணைக் குத்திக் குத்தி விட்டேன்.
"வெள்ளத்த வெளியில தள்ள மூணு நாள் போச்சு.
நீங்க காசு குடுத்து
உள்ளுக்குக் கொண்டு வந்து வெச்சிருக்கீங்க."

சரிதான்.
சுவரில் வெள்ளம் நின்ற கோடு இன்னும் இருக்கிறது.
தொட்டியின் நீர்மட்டம் அதற்கு மூன்று விரல் மேலே.
வேண்டுமென்று செய்யவில்லை,
மேசையின் உயரம் அப்படி.

பங்குனி நடுவில் ஒரு காலை
கொட்டி சுருள் சுருளாய்ப் புது இலை விட்டிருந்தது.
இலை நுனிகளில் மூச்சு மணி மணியாய் ஒட்டியிருந்தது.
வாளிக்கு அடியில் கிடந்த பிளேன்ரீ நிறம்
எப்போது போனதென்று நான் கவனிக்கவில்லை.

பிறகுதான் மீன்.
நுளம்புக்கென்று கிணறுகளில் விட்ட கப்பி,
கந்தோர் பியசேனவின் கிணற்றிலிருந்து இரண்டு.
மோட்டர் இல்லை, வடி இல்லை.
ஆவியாகிப் போவதற்குக் கிழமைக்கு ஒரு செம்பு.
இலக்கத் தகட்டைத் தொட்டியில் சாத்தி வைத்தேன்,
ஆராவது கேட்டு வரும்வரை.

நேற்று இரவு கரண்ட் இல்லை.
போன் வெளிச்சத்தைக் கண்ணாடியில் வைத்துக்கொண்டு
துஸ்யந்தி குந்தியிருந்தாள்.
"இஞ்ச வாங்க. வெறும் கண் மட்டும் நீந்துது."
விரலால் எண்ணினாள்.
"ஆறு.
பொறுங்க, வெளிச்சத்த மறைக்காதீங்க,
கொட்டிக்குப் பின்னால இன்னும் ஒண்டு."