கழிவு எந்தக் கட்டத்தில்

கிருஷ்ணகிரி, ராயக்கோட்டை சாலை,
டயர் கடைக்கு மேல்மாடி.
ஏழு பேர், ஒரு வெள்ளைப் பலகை,
நான்கு பேனாவில் எழுதுகிறது ஒன்று.
மாங்கூழ் ஆலைக்குப் புது மென்பொருள் வேண்டுமாம்.
அதை வாங்கும் முன்
என்ன வேண்டும் என்று எழுதத் தெரிந்த ஆட்கள் வேண்டுமாம்.
அதற்குத்தான் நான், ஆறு சனிக்கிழமை.

லேப்டாப்பை மூடுங்கள் என்றேன்.
திரை எந்த நிறம், பொத்தான் எந்தப் பக்கம்,
எவன் சர்வர்
எதுவும் இன்றைக்கு இல்லை.
கரண்ட் போனாலும் உங்கள் ஆலையில்
எது உண்மையாக இருக்குமோ
அதை மட்டும் வரைவோம்.
இதற்குப் பெயர் தர்க்க வடிவமைப்பு.

தர்க்கம் என்றதும்
கணக்கர் திம்மராயன்
நோட்டில் 'சண்டை' என்று எழுதிக்கொண்டார்.
முழுக்கத் தப்பில்லை.

விவசாயி ஒரு கட்டம்.
லோடு ஒரு கட்டம்.
நடுவே கோடு இழுத்தேன்:
ஒரு லோடு, ஒரு விவசாயி.

எடைமேடையில் வேலை பார்க்கும் தபசும் கை தூக்கினாள்.
"மேடம், பர்கூர் வண்டியில நாலு பேர் காய் வரும்.
அடியில ஒருத்தர், மேல ஒருத்தர்,
நடுவுல வைக்கோல்தான் வேலி."

கோட்டின் இரு முனையிலும் காக்கைக்கால் போட்டேன்.
காக்கைக்கால் என்றால் பல.
இரண்டு பக்கமும் பல என்றால்
கோடு தாங்காது,
நடுவில் இன்னொரு கட்டம் பிறக்கும்.
பிறந்தது.
'பங்கு' என்று பெயர் வைத்தாள் தபசும்.

விவசாயியை எதை வைத்து அடையாளம் காண்பது?
பெயர் என்றார்கள்.
ஒரே தெருவில் ஐந்து முனியப்பன்,
அதில் இருவரின் அப்பாவும் முனியப்பன்.
போன் நம்பர்?
"போன் மகன்து. மகன் ஓசூர்ல."
அப்படியானால் நாமே ஓர் எண் கொடுப்போம்,
அர்த்தமே இல்லாத எண்.
அர்த்தம் இல்லாததால்தான்
அது மாறாமல் கிடக்கும்.

தேநீருக்குப் பிறகு கழிவுக்கு வந்தோம்.
நூறு கிலோவுக்கு ஐந்து கழிப்பார்கள்,
சில நாள் எட்டு.
எந்தக் கட்டத்தில் வைப்பது?
ஒரே கேள்விதான் கேட்கச் சொன்னேன்:
இது எதைப் பொறுத்தது?

"ரகத்தை."
ஒரே நாள், ஒரே பெங்களூரா,
ஒருவருக்கு ஐந்து, ஒருவருக்கு எட்டு.
"மழையை."
போன வாரம் மழையே இல்லை.
"தூரத்தை" என்று தொடங்கிய திம்மராயன்
தானே நிறுத்திக்கொண்டார்.

கடைசி பெஞ்சில்
இறக்குமிடத்து மேஸ்திரி வரதப்பா.
மூன்று வாரமாக வாய் திறக்காதவர்.
"ஆளப் பொறுத்தது."
விற்கிற ஆளா?
"நின்னு பாக்கற ஆளு."

மின்விசிறிக்கு அன்றைக்கு நிறைய சத்தம்.
நான் பங்குக் கட்டத்துக்குள்
கழிவு என்று எழுதி
அதற்குக் கீழே
கழித்தவர் என்று எழுதினேன்.

"இத முதலாளி பாத்தா" என்றார் திம்மராயன்.
வாக்கியத்தை முடிக்கவில்லை.
என் சம்பளத்தில் பாதி
இன்னும் அந்த முதலாளியிடம்தான் இருக்கிறது.
பேனாவுக்கு மூடி போட்டேன், திறந்தேன், மறுபடி போட்டேன்.

"அந்த எடத்த காலியா வுடலாமா மேடம்?"
வரதப்பா கேட்டார்.
விடலாம் என்றேன்.
ஆனால் காலியாக இருக்கிறது என்று தெரியும்.
இப்போது உங்கள் நோட்டில்
காலி என்பதும் தெரியாது.

கீழே இறங்கினால்
தார்ப்பாய் போட்ட லாரிகள்
சாலை வளைவு வரைக்கும்.
எது யார் பங்கு என்று
வைக்கோலுக்குத் தெரியும்.

பலகையை நான் துடைக்கவில்லை.
அடுத்த சனிக்கிழமை
கழித்தவர் என்பதை ஒட்டி
நீல மையில், கோணல் எழுத்தில்:
வரதப்பா, ரெண்டாவது ஷிப்டு.

வடிவமைப்பில் ஆள் பெயர் வரக்கூடாது.
அது தரவு, அதற்கு நேரம் பிறகு வரும்.
இந்தப் பாடத்தில் முதலில் திருத்த வேண்டிய தப்பு அது.
திருத்தவில்லை.
பலகையின் மறுபாதியில்
பணப் பட்டுவாடாவுக்கு ஒரு கட்டம் வரையத் தொடங்கினேன்.