தோஹாவில் ஒரு ராத்திரி

செக்காலை ரோட்டு டிராவல்ஸ் பையனிடம்
உமையாள் கறாராகச் சொன்னாள்:
"அட்லாண்டா வரைக்கும் ஒரே மூச்சாக வேண்டாம்.
போகவும் வரவும் நடுவில் ஒரு ராத்திரி போடு.
இவர் கால் பூசணிக்காய் ஆகிவிடும்."

திரும்புகையில் தோஹா, பதினான்காம் மாடி.
ஜன்னல் திறக்காது.
மகள் வீட்டில் மிஞ்சிய சீப்புச் சீடையைக்
கடித்தபடி சாத்தப்பன்
ஆளில்லாத சாலையைப் பார்த்தார்.
பிறகு தூங்கினார்கள்.
மூன்று மாதமாக வராத தூக்கம்,
யாருடையதும் அல்லாத கட்டிலில்.

கண்டனூர்.
முழநீளச் சாவி.
நாற்பது கதவில் ஒன்றைத் திறந்து
பெட்டிகளைச் சுவரோரம் நிறுத்தினார்கள்.
பிரிக்கவில்லை.

மூன்று மணிக்கு விழிப்பு.
இருட்டில் உமையாள் கேட்டாள்:
"எத்தனை மணிக்குக் காலி பண்ணணும்?"

அவர் சிரிக்கவில்லை.
தலைமாட்டில் கடிகாரத்தைத் துழாவினார்.