வெற்று எடை

பாகாவ் பட்டணத்தில் மோட்டார் கடைகள் மூன்று.
மூன்றிலும் என்னிடம் கேட்டது ஒன்றே:
"யாருக்கு?"

எனக்கு என்றேன்.
வேலைக்குப் போகவா என்றார் லிம்.
வேலைக்கு என் பழைய கப்சாய் இருக்கிறது,
கூடையோடு, ஒற்றைக் கண்ணாடியோடு.
இது கிரிக்கிலிருந்து ஜெலிக்குப் போக.
அங்கிருந்து தும்பாட்.
அப்புறம் கடல் நிறுத்துகிற இடம் வரைக்கும்.

லிம் பேனாவை மூடினார்.
"அந்த ரோட்டில் யானை வரும், ஆச்சி."
ஆச்சியா? எனக்கு முப்பத்தொன்றுதான்.
யானைக்கும் சொல்லி வையுங்கள், நானும் வருவேன் என்று.

(இப்படியொன்றும் சொல்லவில்லை.
வீட்டுக்கு வந்து குளிக்கும்போது தோன்றிய பதில்.
அங்கே, சிரித்தேன்.)

ஆளுக்கொரு மோட்டார் வைத்திருந்தார்கள் எனக்காக.
தம்பி துளசிக்கு இருநூற்றைம்பது சி.சி.,
"மலை ஏறும்போது மூச்சு வாங்காது."
ஆலை ஃபிட்டர் ரொஸ்லிக்குக் கணினி வைக்காத பழைய எஞ்சின்,
"காட்டில் நின்றால் கம்பியும் ஸ்பேனரும் போதும்."
கணக்குப் பிரிவு புஷ்பலீலாவுக்குச் சிவப்பு.
எதுவானாலும் சிவப்பு.
அம்மாவுக்குக் கார்.

ஆறு மாதம் படித்தேன்.
டாங்கி கொள்ளும் லிட்டர், செயின் தேயும் தூரம்,
பின்பெட்டி மாட்டும் கம்பியின் விலை.
இரவில், செம்பனை ஆலைச் சங்கு அடங்கியதும்
வரைபடத்தில் பெட்ரோல் நிலையங்களைப் பென்சிலால் வட்டமிட்டேன்.
ஓரிடத்தில்
வட்டத்துக்கும் வட்டத்துக்கும் நடுவே ஒரு சாண் பச்சை.
அதைப் பார்க்கும்போதெல்லாம்
வயிற்றுக்குள் யாரோ கிக்கரை உதைத்தார்கள்.

சனிக்கிழமை, துளசி சொன்னதில் ஏறிப் பார்த்தேன்.
உயரம்.
சுடுதார் மிதித்தவள்போல் விரல்நுனி மட்டும் தரையில்.
கடை முன்னே, சரிவான சிமெண்டில், திரும்பும்போது
ஒரு கூழாங்கல் போதுமாயிருந்தது.
மெதுவாகத்தான் சாய்ந்தோம்.
பாதி வழியில் நான் அதை விட்டுவிட்டேன்.
அது என்னை விடவில்லை.
கெண்டைக்காலில் இன்னும் இருக்கிறது சைலன்சர் போட்ட கோடு.

தூக்கினேன். அசையவில்லை.
எதிர்க்கடையில் ரொட்டி வீசியவன்
மாவைக் கையில் வைத்துக்கொண்டே பார்த்தான்.
லிம்மும் பையனும் ஓடிவந்தார்கள்.
உடைந்த பிரேக் பிடிக்கு நாற்பத்தைந்து வெள்ளி.

பகலெல்லாம் எடைமேடையில் உட்காருகிறவள் நான்.
பழக்குலை ஏற்றிய லோரி வரும், எழுதுவேன்.
கொட்டிவிட்டு வெறுமனே திரும்பும், எழுதுவேன்.
முதல் எண்ணில் இரண்டாவதைக் கழித்தால் சரக்கு.
பதினொரு வருஷமாய்க் கழிக்கிறேன்.
இதில் மட்டும் கழிக்கத் தோன்றவில்லை பாருங்கள்.

சிவப்பைக் கழித்தேன்.
வேகத்தை, துளசியை, யானையைக் கூட.
மிஞ்சியது,
மழையில், ஆளில்லாத வளைவில் விழுந்தால்
யார் தூக்குவது?

லிம் கடை மூலையில், டயர் அடுக்குக்குப் பின்னால்
ஒரு நூற்றைம்பது.
யாரோ வாத்தியார் ஓட்டியதாம்,
ஐம்பத்தோராயிரம் கிலோமீட்டர்.
விலை கேட்கும் முன்
தரையில் சாய்த்துப் படுக்க வைத்தேன்.
"ஐயோ" என்றார் லிம், தமிழிலேயே.

முதுகைக் கொடுத்து, முழங்காலைத் தாழ்த்தி
ஒரு கையில் ஹேண்டில், ஒரு கையில் கேரியர்,
பின்பக்கமாய் இரண்டு அடி நடந்தேன்.
எழுந்தது.
மறுபடி சாய்த்தேன். மறுபடி எழுந்தது.
மூன்றாவது முறைக்குக் குனிந்தபோது
லிம் இருநூறு வெள்ளி குறைத்தார்.

திங்கட்கிழமை, முதல் லோரிக்கு முன்னால்
எடைமேடையில் ஏற்றினேன்.
நான், மோட்டார், மழைச்சட்டை, ஸ்பேனர் பை.
டன் டன்னாய்ப் பார்த்துப் பழகிய மேடை,
இருபது கிலோவுக்குக் கீழே அதற்குக் கணக்கு வராது.
இருநூற்றிருபது.
இறங்கி நின்றேன். நூற்றறுபது.
ஆக, நான் அறுபது.
ஐம்பத்துநான்காகவும் இருக்கலாம்.

சீட்டு அச்சாகி வந்தது.
வண்டி எண் இருந்தது. நேரம் இருந்தது.
சரக்கு என்ற கட்டத்தின் மேல்
பேனாவைக் கொஞ்ச நேரம் வைத்திருந்தேன்.
பின்னால் மாணிக்கவேலுவின் லோரி
ஹாரன் அடித்தது.