லாஸ்ட் பஸ்

காலை ஏழேகாலுக்குக் குன்னூரில்
என் எதிரே உட்கார்ந்து சட்டைக் கையை மடித்தார்.
டெஸ்மண்ட் ரொசாரியோ, வயது எழுபத்தொன்று.
நரம்பு பிடிபடவில்லை.
"இடது கையில பாருங்க சிஸ்டர்,
வலது ராத்திரிக்கு வேணும்."

நான் சிஸ்டர் இல்லை, லேப் டெக்னீஷியன்.
திருத்தவில்லை.

வெறும் வயிற்றில் இருநூற்றுத் தொண்ணூறு.
ரிப்போர்ட் வாங்க வந்த பையனைக் கேட்டேன்,
ராத்திரி அப்படி என்ன வேலை இவருக்கு?
அவன் ஜன்னலுக்கு வெளியே கை காட்டினான்.
மூன்று வாரமாய் நான் தாண்டிப்போகும்
எங்கள் காம்பவுண்டுச் சுவரிலேயே ஒட்டியிருந்தது:
லாஸ்ட் பஸ். நாற்பத்தாறாம் வருடம்.
ஊட்டி மைதானத்தில் ஒரே இரவு.
நான்கு கிழவர்கள், நால்வருக்கும் கறுப்புக் கண்ணாடி.
ஊட்டியில் கடைசி பஸ்ஸை விட்டுவிட்டு
விடிய விடிய வாசித்ததில் வந்த பெயராம்.

டிக்கெட் எண்ணூறு.
இரண்டு வாரக் காய்கறிக் காசு என்று
யாரும் சொல்லுமுன் நானே சொல்லிக்கொண்டு வாங்கினேன்.
இந்த இசை எனக்குப் பழக்கமில்லை.
எனக்குத் தெரிந்ததெல்லாம்
எஸ்டேட் லயத்தில் சாவுக்கு அடித்த தப்பு.
ஆனாலும், ஊசி போட்டுக்கொண்டு, சாப்பிட மறந்து,
ஒரு ஆள் இரண்டு மணி நேரம் தோலை அடித்தால்
சர்க்கரை எங்கே போய் நிற்கும் என்று தெரியும்.
கைப்பையில் ஒரு குளுக்கோஸ் பொட்டலம்.

மைதானம் முழுக்க
தோல் ஜாக்கெட் போட்ட வழுக்கைகள், குரங்குத் தொப்பிகள்,
பெங்களூரிலிருந்து வந்த பழைய கான்வென்ட் மாணவர்கள்.
நடுவே ஒருவன் அவித்த கடலை விற்றான்.
பனிமூட்டத்தில் மேடையே தெரியவில்லை.
சத்தம்தான் முதலில் வந்தது.
மூடி சரியாகப் பூட்டாத சென்ட்ரிஃபியூஜ்
மேஜையைப் போட்டு உலுக்குமே
அப்படி உலுக்கியது விலாவை.

பாடுகிறவருக்குக் குரல் போய்விட்டது.
உச்சிக்கு ஏற வேண்டிய இடத்தில்
மைக்கைக் கூட்டத்தின் பக்கம் நீட்டிவிடுகிறார்.
கூட்டம் ஏறுகிறது. அவர் கீழே நின்று
நல்லபடி ஏறினார்களா என்று பார்க்கிறார்.

பக்கத்தில் நின்றவர் பெயர் பெள்ளன்.
கேத்தி பாலாடாவில் கேரட் கழுவும் மிஷின் வைத்திருக்கிறாராம்.
ஒவ்வொரு பாட்டும் தொடங்கும்போது
வருடத்தைச் சொல்லிக் கத்தினார். "எண்பத்து மூணு!"
கண்ணைத் துடைத்துக்கொண்டார்.
"உங்களுக்கு எந்தப் பாட்டு மேடம்?"
எனக்கு டிரம்மர், என்றேன்.
ஓஹோ, என்று புருவத்தை உயர்த்தினார்.
உயர்த்தட்டும்.

ஏழாவது பாட்டில் இடது கை
அரை நொடி பின்தங்கியது.
யாரும் கவனிக்கவில்லை.
ஆறு டிகிரிக் குளிரில்
அவர் நெற்றி பளபளத்தது.
இடித்துக்கொண்டு தடுப்புவரை போனேன்.
செக்யூரிட்டிப் பையனிடம்
சர்க்கரை, சர்க்கரை என்று கத்தினேன்.
அது பாட்டின் பெயர் என்று நினைத்து
அவனும் கட்டைவிரலைத் தூக்கினான்.

அப்போது பேஸ் வாசிப்பவர்
ஒரு ஸ்வரத்தை அப்படியே அலற விட்டுவிட்டு
மெல்லப் பின்னால் நடந்தார், வலிக்கும் முழங்காலோடு.
சட்டைப் பையிலிருந்து ஒரு மிட்டாய்.
காகிதத்தைப் பல்லால் கிழித்து
அடித்துக்கொண்டிருந்தவரின் வாயில் வைத்தார்,
முகத்தைக்கூடப் பார்க்காமல்,
தன் பீடியைத் தானே பற்றவைப்பதுபோல்.
திரும்பி வரும்வரை அந்த ஒற்றை ஸ்வரம் காத்திருந்தது.

பெள்ளன் எங்கோ பின்னாலிருந்து கத்தினார்,
"எண்பத்தாறு!"

ஒன்பது ஐம்பது பஸ் போய்விட்டது.
மேட்டுப்பாளையம் போகும் கேரட் லாரியில்
குன்னூர்வரை இடம் தந்தார் பெள்ளன்.
டிரைவருக்கும் அவருக்கும் நடுவில் உட்கார்ந்து
பொட்டலத்தைப் பிரித்து
உள்ளங்கையில் கொட்டி நக்கினேன்.
குளுக்கோஸ் நாக்கில் கரையும்போது
சில்லென்று இருக்கும்.
முப்பது வருடமாய் ஊருக்கே கரைத்துக் கொடுத்தவள்,
இன்றைக்குத்தான் தெரியும்.

நாளை மறுநாள், சாப்பிட்ட பின் எடுக்கும் ரத்தத்துக்கு
அவர் வர வேண்டும்.
எந்தக் கை என்று
நானே முதலில் கேட்டுவிடுவேன்.